‘ஹேவ்’ என்ற சொல்லைச் சுற்றிய சிவப்பு வட்டம்

கொட்டாஞ்சேனை வாசகர்:
கொள்ளுப்பிட்டியிலுள்ள ஒரு நிறுவனத்துக்கு நேர்முகப் பரீட்சைக்குச் சென்ற நாள் இன்னும் என் மனத்தை அரிக்கிறது. விண்ணப்பக் கடிதத்தில் ‘ஐ ஹேவ் கொம்ப்ளீட்டட் மை டிகிரி இன் 2014’ என்று எழுதியிருந்தேன். அதிகாரி ஒன்றும் பேசாமல், ‘ஹேவ்’ என்ற சொல்லை மட்டும் சிவப்புப் பேனையால் வட்டமிட்டு, கடிதத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். அந்த வட்டம் ஓரிடத்தில் மூடாமல் விடுபட்டிருந்ததுகூட நினைவிருக்கிறது. ‘2014ஆம் ஆண்டு பட்டப்படிப்பை முடித்திருக்கிறேன்’ என்று தமிழில் சொன்னால் எவரும் குறை காணமாட்டார்கள். ஆங்கிலத்தில் அது ஏன் பிழையாகிறது என்பது அன்று எனக்கு விளங்கவில்லை.

வெள்ளவத்தை வாசகி:
எழுதியது பிழைதான், ஆனால் காரணம் சொல்லாமல் வட்டமிடுவது மரியாதையன்று. எனக்கு நேர்ந்தது வேறு. மாலையில் அலுவலகத்தை விட்டுப் புறப்படும்போது, ‘போய் வருகிறேன்’ என்ற நினைப்பில், ‘ஐ வில் கோ அன்ட் கம்’ என்று லண்டனிலிருந்து வந்திருந்த மேலாளரிடம் சொன்னேன். அவர் நான் திரும்பி வருவேன் என்று நம்பி, கோப்பைத் திறந்து வைத்தபடி ஏழு மணிவரை காத்திருந்தாராம். வெறுமனே ‘போகிறேன்’ என்று சொல்லக் கூடாது என வளர்க்கப்பட்டவர்கள் நாம். சிங்களவரும் அவ்வாறே ‘கிஹின் என்னம்’ என்கிறார்கள்.

தெஹிவளை வாசகர், ஓய்வுபெற்ற ஆசிரியர்:
வட்டமிட்டவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை, நானும் பல ஆண்டுகள் காரணம் சொல்லாமலே புள்ளி குறைத்தவன். ஒருநாள் ஒரு மாணவி எழுந்து, “நேற்றுப் பார்த்தது இன்றும் நினைவில் இருக்கிறதே, சேர், ஏன் ‘ஹேவ்’ போடக் கூடாது?” என்று கேட்டபோது, கையில் சுண்ணக்கட்டியுடன் பேச்சற்று நின்றேன்.

அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன். ‘யெஸ்டர்டே’, ‘இன் 2014’, ‘டூ இயர்ஸ் அகோ’ போன்று முடிந்துபோன காலத்தைச் சுட்டும் சொல் வாக்கியத்தில் இருந்தால், எளிய இறந்தகாலமே வரவேண்டும்: ‘ஐ கொம்ப்ளீட்டட்’. காலத்தைக் குறிப்பிடாமல், பட்டம் கையில் இருக்கிறது என்பதை மட்டும் சொல்வதானால் ‘ஐ ஹேவ் கொம்ப்ளீட்டட்’ சரியே. தமிழில் ‘-இருக்கிறேன்’ என்ற முடிவு இரண்டு இடத்திலும் பொருந்துவதால்தான் நாம் தடுமாறுகிறோம். ‘ஜஸ்ட்’, ‘ஆல்ரெடி’ ஆகியவற்றுடன் அமெரிக்கர்கள் எளிய இறந்தகாலத்தையும் பயன்படுத்துவார்கள். பிரித்தானிய வழக்கைப் பின்பற்றும் நம் பரீட்சைத் தாள்களில் ‘ஹேவ்’ சேர்த்து எழுதுவதே பாதுகாப்பு. ‘சின்ஸ்’ தொடங்கிய புள்ளியையும் ‘ஃபோர்’ கால அளவையும் குறிக்கும்: ‘சின்ஸ் 2014’, ‘ஃபோர் டென் இயர்ஸ்’.