இத்தாலியின் டஸ்கனியில் ஏழு நாள் வரையப் போகிறேன், எந்த வண்ணம் எடுத்துப்போக?

திருவையாற்று டிராயிங் வாத்தியார்:
ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர் நான். இருபத்தெட்டு வருடம் பிள்ளைகளுக்கு மாம்பழமும் இரு மலை நடுவில் சூரியனும் சொல்லிக்கொடுத்தாயிற்று (மலையை நானே ஒழுங்காகப் பார்த்ததில்லை). மகள் செலவில் ஜூலையில் இத்தாலி. சியன்னா பக்கம் ஒரு பண்ணை வீட்டில் நீர்வண்ண வகுப்பு. என் பெட்டியில் நாலு பச்சை இருக்கிறது. அது இல்லாமல் குடமுருட்டிக் கரையை வரைய முடியாது. அங்கே எது தேவைப்படும்? டர்பன்டைன் கொண்டுபோக விடுவார்களா?

அரசலாறு:
சார், நான் போய்வந்தவள். பச்சையைக் குறையுங்கள். நமக்கு ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் ஜூலையில் குறுவை பசேலென்று நிற்கும். அங்கே அந்நேரம் கோதுமை அறுப்பு. குன்றெல்லாம் வைக்கோல் நிறம், அரிதாள்தான் மிச்சம். யெல்லோ ஓக்கர் (மஞ்சள் காவி), ரா சியன்னா (மஞ்சள் பழுப்பு), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), அல்ட்ராமரீன் (ஆழ்ந்த நீலம்) போதும். சியன்னா என்ற பெயரே அந்த ஊர் மண்ணால் வந்தது; அந்த மண்ணைச் சுட்டால் பர்ன்ட் சியன்னா. சைப்ரஸ் மரத்துக்கு சாப் கிரீன் பச்சையில் துளி அல்ட்ராமரீனும் பர்ன்ட் சியன்னாவும்.

வண்ணத்தைவிடக் கோடுதான் என்னைப் படுத்தியது. வயல்வெளியிலேயே வளர்ந்த கண் என்பதால், தொடுவானம் பழக்கதோஷத்தில் பேப்பரின் பாதியில் விழுந்தது. குன்று படுத்த எருமை மாதிரி ஆகிவிட்டது. தொடுவானத்தை முக்கால் உயரத்துக்கு ஏற்றிய பிறகுதான் நிமிர்ந்தது.

மதியம் வரையாதீர்கள். வாஷ் (நீர் கலந்த வண்ணப் பூச்சு) பரவுவதற்குள் காய்ந்து ஓரம் கட்டிக்கொள்ளும். காலை ஆறு முதல் பத்து, அப்புறம் சாயங்காலம். ஒன்பது மணி வாக்கில்தான் இருட்டும்.

நாச்சியார்கோவில்:
டர்பன்டைன் எரியும் பொருள். கைப்பையிலும் கூடாது, பெரிய பெட்டியிலும் கூடாது. நீர்வண்ணத்துக்கு அது தேவையும் இல்லை; எண்ணெய் வண்ணமும் தீட்டுவதானால் அங்கேயே வாங்குங்கள். இத்தாலிக்குப் போக வேண்டிய ஷெங்கன் விசாவுக்கு மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம்.

கும்பகோணத்தான்:
ஒருநாள் அதே டஸ்கனியில் இருக்கும் அரெத்சோ நகருக்குப் போய்வாருங்கள். சான் பிரான்செஸ்கோ ஆலயத்தில் பியரோ டெல்லா பிரான்செஸ்கா 15-ம் நூற்றாண்டில் வரைந்த சுவரோவியங்கள் இருக்கின்றன. சுண்ணாம்புப் பூச்சின் மேல் எழுதியவை. நம் தஞ்சைப் பெரிய கோயில் கருவறைச் சுற்றிலும் சோழர் ஓவியம் இருக்கிறது, ஆனால் அந்த இடைகழிக்குள் சாதாரணமாக விடுவதில்லை. அங்கே டிக்கெட் எடுத்தால் போதும்.

திருவையாற்று டிராயிங் வாத்தியார்:
சரி, மூன்று பச்சையை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டேன். இன்று காலை மொட்டை மாடியில் உட்கார்ந்து தொடுவானத்தை முக்காலுக்கு ஏற்றிப் பார்த்தேன். காவிரி எதிர்வீட்டுக் கூரைமேல் ஓடுகிறது.