எதிர் ஜன்னல் யாருடையது? மாணவர் த்ரில்லரும் பார்த்த படங்களும்

இரண்டாம் ஆண்டு:
வணக்கம். சென்னையில் விஸ்காம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பருவத் தேர்வுக்காகப் பதினைந்து நிமிட த்ரில்லர் ஒன்று எடுக்க வேண்டும். கதை இதுதான்: விபத்தில் கால் உடைந்து, மாவுக்கட்டோடு அறையில் கிடக்கும் மாணவன், பொழுதுபோகாமல் கேமரா வழியாக எதிர்வீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அங்கே ஒரு கொலை நடந்திருக்குமோ என்று சந்தேகம் வருகிறது. ஆமாம், ஹிட்ச்காக் 1954இல் எடுத்த ஹாலிவுட் படம் ‘ரியர் விண்டோ’தான். நான் மறைக்கவில்லை, டைட்டிலிலேயே நன்றி போடப்போகிறேன். ஆனால் எங்கள் ஆசிரியர், “இது காப்பி, வேறு கதை கொண்டு வா” என்று திருப்பி அனுப்பிவிட்டார். பெரிய இயக்குநர்கள் செய்தால் மரியாதை, மாணவன் செய்தால் காப்பியா?

வெள்ளைத்தாள்:
உங்கள் ஆசிரியர் பக்கம்தான் நான். நன்றி போடுவது உங்கள் நேர்மைக்குச் சான்று. கதை அதனால் உங்களுடையதாகிவிடாது.

சட்டம், தர்மம் எல்லாம் இருக்கட்டும். முதலில் கதை நம் ஊரில் நிற்கிறதா என்று பாருங்கள். அந்தப் படத்துக்காக பாராமவுண்ட் ஸ்டுடியோவுக்குள் 31 குடியிருப்புகள் கொண்ட முற்றத்தையே கட்டினார்கள். நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ். சுவருக்குச் சுவர் ஒட்டியிருந்தும் ஒருவரை ஒருவர் அறியாத மனிதர்கள். நாய் செத்துக் கிடக்கும் காட்சியில் அதை வளர்த்தவள் மாடியில் நின்று அக்கம்பக்கத்தாரைப் பார்த்துக் கதறுவாளே, அந்த அந்நியத்தன்மைதான் படத்தின் அடித்தளம். நம் தெருவில் ஒரு பையனுக்குக் கால் உடைந்தால் என்ன நடக்கும்? ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பத்துப் பேர் வருவார்கள். அவன் தனியாக இருக்கவே முடியாது. எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்து லென்ஸைத் திருப்பினால் ஒரு மணி நேரத்தில் தெருவே வாசலில் நிற்கும். கொலைகாரன் வருவதற்கு முன்பே அவன் அடி வாங்கியிருப்பான்.

தரமணி டீக்கடை:
வெள்ளைத்தாள் சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தத் தாள் எவருக்கும் வெள்ளையாகக் கிடைத்ததில்லை, ஐயா.

ஹிட்ச்காக்கே அந்தக் கதையைக் கார்னெல் உல்ரிச் 1942இல் எழுதிய சிறுகதையிலிருந்துதான் எடுத்தார். சிறுகதையில் நாயகன் புகைப்படக்காரன் அல்ல. காதலியும் கிடையாது. அவன் காலில் கட்டு இருக்கிறது என்பதே கதை முடியும்போதுதான் நமக்குத் தெரியவரும். படத்திலோ தொடக்க நிமிடங்களிலேயே கேமரா அந்தக் கட்டையும், உடைந்த கேமராவையும், பந்தயக் கார் விபத்துப் படத்தையும் காட்டிவிடுகிறது. வசனமே இல்லாமல் அவன் யார், எப்படி அடிபட்டான் என்பது முடிந்துவிட்டது. கடைசியில் கொலைகாரன் அறைக்குள் வரும்போது இவன் கையில் இருக்கும் ஆயுதம் ஃபிளாஷ் பல்புதான். புகைப்படக்காரன் ஆக்கியதால் கிடைத்த லாபம் அது. திரைக்கதை எழுதிய ஜான் மைக்கேல் ஹேய்ஸும் ஹிட்ச்காக்கும் எடுத்துக்கொண்டது ஒரு விதை, வளர்த்தது வேறு மரம்.

நம் ஊரிலும் இதே 1954இல்தான் ‘அந்த நாள்’ வந்தது. ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் ‘ரஷோமோன்’ 1952இல் நடந்த இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. அதன் தாக்கத்தில் எஸ். பாலசந்தர் எடுத்த படம் அது. பாட்டே இல்லாமல், சிவாஜியை முதல் காட்சியிலேயே சுட்டுக் கொன்றுவிட்டு! அவரைப் போய் காப்பி என்று திருப்பி அனுப்பியிருந்தால் தமிழுக்கு நஷ்டம்.

வெள்ளைத்தாள்:
டீக்கடைக்காரர் என் வழக்கை எனக்காக வாதாடியிருக்கிறார், நன்றி.

‘ரஷோமோன்’ படத்தில் உண்மை கடைசிவரை பிடிபடாது. ‘அந்த நாள்’ படத்தில் ஜாவர் சீதாராமன் நடித்த துப்பறியும் அதிகாரி கொலையாளியைக் கண்டுபிடித்தே தீர்வார். ஆக, ஜப்பானியப் படத்தின் உயிரைப் பாலசந்தர் எடுக்கவேயில்லை. பலர் பல விதமாகச் சொல்லும் அமைப்பு மட்டும் அங்கிருந்து வந்தது. மற்றதெல்லாம் இந்த மண்ணிலிருந்து வந்தது. 1943இல் ஜப்பான் விமானம் சென்னை மீது குண்டு போட்ட பின்னணி, ரேடியோ என்ஜினீயராக இருந்துகொண்டு எதிரிக்குத் தகவல் விற்கும், சிவாஜி நடித்த ராஜன். அன்றைக்குத் தியேட்டரில் உட்கார்ந்திருந்தவர்களில் பலர் ஜப்பான் தாக்குதலுக்குப் பயந்து ஊரைக் காலிசெய்து போனவர்கள். பயம் அவர்களிடமே இருந்தது, படம் அதைத் தொட்டது.

தம்பியின் கதையில் அப்படி என்ன இருக்கிறது? மாவுக்கட்டு அங்கிருந்து, கேமரா அங்கிருந்து, கொலையும் அங்கிருந்து. எதிர்வீட்டுக்காரரின் பெயர் மட்டும் தமிழ்.

சாட்சிக்கூண்டு:
வழக்கறிஞன் என்ற முறையில் குறுக்கிடுகிறேன், தார்மீகத் தீர்ப்பை நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

கருவுக்கும் கதைப்போக்குக்கும் காப்புரிமை கிடையாது, அது வெளிப்படும் விதத்துக்குத்தான் உண்டு என்று நம் உச்ச நீதிமன்றம் 1978இல் சொல்லிவிட்டது. ஆர்.ஜி. ஆனந்த் வழக்கு. பஞ்சாபிக் குடும்பமும் தென்னிந்தியக் குடும்பமும் காதலால் மோதிக்கொள்ளும் தன் நாடகத்தைத்தான் ‘நியூ டெல்லி’ என்ற இந்திப் படம் எடுத்துவிட்டது என்பது அவர் புகார். படத்தில் வரதட்சணை போன்ற வேறு விஷயங்களும் இருந்தன, சொன்ன விதமும் வேறு என்று அவர் தோற்றார்.

இந்த எதிர் ஜன்னல் கதைக்கே நீதிமன்ற வரலாறு உண்டு. 2007இல் வந்த ‘டிஸ்டர்பியா’ படத்தில் வீட்டுக்காவலில் இருக்கும் பள்ளி மாணவன் பக்கத்து வீட்டுக்காரரைக் கவனிப்பான். உல்ரிச் சிறுகதையின் உரிமை வைத்திருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். 2010இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம், ஒற்றுமை மிகப் பொதுவான அளவில்தான் இருக்கிறது என்று தள்ளுபடி செய்தது. கவனிக்க: ஒப்பிட்டது சிறுகதையோடு, ஹிட்ச்காக் படத்தோடு அல்ல. அதற்கும் முன்னால், 1990இல், ‘ரியர் விண்டோ’வின் மறுவெளியீடே சிறுகதையின் புதுப்பிக்கப்பட்ட உரிமையை மீறுகிறது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. உரிமை பெற்று எடுத்த படத்துக்கே அந்தக் கதி.

தம்பிக்கு நடைமுறை ஆலோசனை: ஷாட்டுக்கு ஷாட், வசனத்துக்கு வசனம் எடுக்காதீர்கள். வகுப்பறையில் பாடத்தின் பகுதியாகப் பயன்படுத்த நம் சட்டத்தின் 52ஆம் பிரிவில் விலக்கு உண்டு. யூடியூபில் ஏற்றும்போது அதை நம்பாதீர்கள்.

கத்தரிக்கோல்:
நான் படத்தொகுப்பாளர். மாணவர் படங்கள் நிறைய என் மேசைக்கு வருகின்றன. கதையைக் காப்பியடித்தவர்களைப் பார்த்து எனக்குப் பயமே இல்லை. இசையைக் காப்பியடித்தவர்களைத்தான் சமாளிக்க முடிவதில்லை. ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’வுக்கு பெர்னார்ட் ஹெர்மன் வெறும் நரம்புக் கருவிகளைக் கொண்டு அமைத்த இசையைத் தற்காலிகமாகப் போட்டு ரஃப் கட் (முதல்கட்டத் தொகுப்பு) கொண்டுவருவார்கள். அந்த வயலின் அலறலுக்கு ஏற்ப வெட்டியாகிவிட்டது. பிறகு அதை எடுத்துவிட்டுப் பார்த்தால் காட்சியில் எலும்பே இருக்காது. எடுக்காமல் விட்டால் அடுத்தவர் இசையைத் தானாகவே கண்டுபிடிக்கும் யூடியூபின் கன்டென்ட் ஐடி பிடித்துவிடும்.

எதை எடுக்கலாம் என்று கேட்டால், வெட்டும் முறையை எடுங்கள் என்பேன். ஹிட்ச்காக் இதைப் பிரெஞ்சு இயக்குநர் திரூபோவிடம் ‘ரியர் விண்டோ’வை வைத்தே விளக்கியிருக்கிறார். நாயகன் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் பார்க்கிறார், கூடையில் இறக்கப்படும் நாய்க்குட்டி, ஸ்டூவர்ட்டின் புன்னகை. நல்ல மனிதர். நாய்க்குட்டிக்குப் பதில் அரைகுறை ஆடையில் உடற்பயிற்சி செய்யும் பெண்ணை வைத்து அதே புன்னகையை ஒட்டுங்கள். ஆள் வக்கிரக்காரர் ஆகிவிடுவார். முகம் ஒன்றுதான், அர்த்தம் நடுவில் வந்த ஷாட்டில் இருக்கிறது. இது யாருடைய சொத்தும் அல்ல.

தம்பி, ஒரு காட்சியை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு ஷாட்டும் எத்தனை நொடி என்று நோட்டில் எழுதுங்கள். அடுத்து திரையைத் துணியால் மூடிவிட்டு ஒலியை மட்டும் கேளுங்கள். அந்தப் படத்தில் முற்றத்திலிருந்து வரும் பியானோ, ரேடியோ, தெருச் சத்தம் எல்லாம் எப்படி வேலை செய்கின்றன என்பது அப்போதுதான் காதில் விழும். இரண்டு முறை இப்படிச் செய்தவன் அந்தப் படத்தைக் காப்பியடிக்கமாட்டான் என்பது என் அனுபவம்.

வெள்ளைத்தாள்:
கத்தரிக்கோல் அவர்களே, முறையை எடுக்கலாம் என்பதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் இந்த வயதில் முறைக்கும் கதைக்கும் நடுவே கோடு போட முடிகிறதா? படம் பார்த்துப் பார்த்தே படம் எடுக்க வருகிறார்கள். கொலை என்றால் மழை, போலீஸ் என்றால் சுருட்டு, பைத்தியம் என்றால் உடைந்த கண்ணாடி. ஒரு நாளாவது காவல் நிலைய வாசலில் போய் நின்று, அங்கே யார் யார் வருகிறார்கள் என்று பார்த்திருக்கிறார்களா?

இரண்டாம் ஆண்டு:
பார்த்திருக்கிறேன், ஐயா. செல்போன் தொலைந்தபோது. ஆனால் அது த்ரில்லர் அல்ல, பொறுமைச் சோதனை.

உங்கள் ஹார்லிக்ஸ் பாட்டில் மட்டும் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால் இப்படி மாற்றினேன். திருவல்லிக்கேணி மேன்ஷன், தனி ஆண்கள் அறை எடுத்துத் தங்கும் விடுதி. ஊரிலிருந்து வேலை தேடி வந்த பையன். அவனுக்கு அம்மை போட்டிருக்கிறது. பஸ் ஏறி ஊருக்கும் போக முடியாது. வெளியே தெரிந்தால் மேன்ஷன்காரர் காலி செய்யச் சொல்லிவிடுவார். அறைத் தோழன் பயந்துபோய் வேறு இடத்துக்குப் போய்விட்டான். கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறான். சாப்பாட்டுப் பொட்டலத்தை மட்டும் யாரோ வாசலில் வைத்துவிட்டுப் போகிறார்கள். எதிர் மேன்ஷன் அறையில் இரண்டு பேர் இருந்தார்கள். இப்போது ஒருவரைத்தான் காண்கிறான். ஆனால் காணாமல் போனவரின் லுங்கி மூன்று நாளாகக் கொடியிலேயே இருக்கிறது. யாரும் எடுக்கவில்லை.

இப்போது சொல்லுங்கள், இது காப்பியா?

தரமணி டீக்கடை:
தம்பி, சபாஷ். மாவுக்கட்டை வைத்து யோசிக்கப் போய்த்தான் அம்மை கிடைத்தது. அந்தப் படத்தைப் பார்க்காதவனுக்கு ‘நகர முடியாதவன், பார்க்க மட்டுமே முடிந்தவன்’ என்ற கணக்கு எங்கிருந்து கிடைத்திருக்கும்?

வெள்ளைத்தாள்:
லுங்கி நன்றாக இருக்கிறது. ஒப்புக்கொள்ள வேண்டியதுதான், ஏனென்றால் அது எந்தப் படத்திலிருந்தும் வரவில்லை. அதனாலேயே கேட்கிறேன்: இனி ஹிட்ச்காக் எதற்கு? இந்தப் பையனின் பயம் கொலைகாரனிடம் இல்லை, மேன்ஷன்காரரிடம் இருக்கிறது. அதை எழுதுங்கள். எதிர் அறையில் கொலையே நடக்க வேண்டாம்.

இன்னொன்று. 1954இல் தொலைவில் இருப்பதைப் பார்க்க நீண்ட லென்ஸ் வேண்டும், அதனால் புகைப்படக்காரன். இன்று எல்லோர் கையிலும் கேமரா. சந்தேகம் வந்தால் வீடியோ எடுத்து 100க்கு அழைத்துவிடுவான். இரண்டாவது நிமிடத்தில் உங்கள் படம் முடிந்துவிட்டது. பழைய படத்தின் எலும்புக்கூட்டை எடுத்தால் அதன் காலமும் கூடவே வரும்.

இரண்டாம் ஆண்டு:
அழைக்கமாட்டான். போலீஸ் வந்தால் எங்கிருந்து பார்த்தாய் என்று கேட்கும். அறையைத் திறக்க வேண்டும். அம்மை தெரிந்துவிடும், தெருவில் நிற்க வேண்டியதுதான். வீடியோ அவன் கையில் இருக்கிறது, காட்ட முடியவில்லை. இந்த முடிச்சு நீங்கள் கேட்டதால்தான் வந்தது. ஆனால் கொலையை எடுக்கமாட்டேன், ஐயா. கொலை இல்லாவிட்டால் எங்கள் ஆசிரியர் அதைக் கலைப்படம் என்பார், நண்பர்கள் யாரும் பார்க்கமாட்டார்கள்.

தரமணி டீக்கடை:
ஒரு யோசனை. கண்ணுக்குப் பதில் காது. அன்டோனியோனி 1966இல் ‘ப்ளோ-அப்’ எடுத்தார், புகைப்படத்தைப் பெரிதாக்கப் பெரிதாக்கக் கொலை தெரிகிறது. 1981இல் பிரையன் டி பால்மா அதை ஒலிப்பதிவாளனுக்கு மாற்றி ‘ப்ளோ அவுட்’ எடுத்தார். டயர் வெடித்த சத்தத்துக்கு முன்னால் துப்பாக்கிச் சத்தம். மேன்ஷன் அறைகளுக்கு நடுவே பலகைத் தடுப்பு இருக்கும் இடங்கள் உண்டு. பக்கத்து அறையில் நடப்பது காதில் விழும். ஜன்னலே வேண்டாம். உங்கள் ஆசிரியருக்கும் சொல்ல வார்த்தை இருக்காது.

வெள்ளைத்தாள்:
ஒரு படத்திலிருந்து தப்பிக்க இன்னொரு படத்துக்குள் போகச் சொல்கிறீர்கள்.

கத்தரிக்கோல்:
பட்ஜெட்டைப் பாருங்கள், தம்பி. இரண்டு மேன்ஷன் அறைகள், இரவு, ஒளியமைப்பு. இயக்குநர் கிறிஸ்டோபர் நோலன் தன் முதல் முழுநீளப் படமான ‘ஃபாலோயிங்’கை (1998) நண்பர்களை வைத்து, வார இறுதிகளில், ஏறத்தாழ ஒரு வருடம் எடுத்தார். கருப்பு வெள்ளை, கிடைத்த இயற்கை வெளிச்சம். ஃபிலிம் வீணாகாமல் இருக்க முதல் இரண்டு டேக்குகளிலேயே முடிக்கும்படி நாடகம் போல ஒத்திகை பார்த்தார்கள். கதை உத்தியைவிட அந்த வேலைமுறையைக் காப்பியடியுங்கள், வெள்ளைத்தாள்கூட ஆட்சேபிக்கமாட்டார்.

லுங்கியை மூன்று முறை காட்டுங்கள். முதல் முறை யாரும் கவனிக்காதபடி, வேறு எதையோ பார்க்கும்போது ஓரத்தில். ரஃப் கட்டை இசை இல்லாமல் அனுப்புங்கள். இசை இருந்தால் திறக்கவே மாட்டேன்.

வெள்ளைத்தாள்:
ஒத்திகைக்கு ஆட்சேபம் இல்லை. டைட்டிலில் நன்றி போடுவதற்கு இப்போது இருக்கிறது. அம்மையும் லுங்கியும் மேன்ஷன்காரரும் உங்களுடையவை. அதற்கு மேல் ஹிட்ச்காக் பெயரைப் போட்டால், பார்ப்பவர்கள் படத்தைப் பார்க்காமல் ஒற்றுமையைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

சாட்சிக்கூண்டு:
நன்றியைப் போடுங்கள். சட்டப்படி அது உங்களைக் காப்பாற்றாது, ஆனால் வைவா தேர்வில் காப்பாற்றும்.

இரண்டாம் ஆண்டு:
கடைசியில் போடுகிறேன், தொடக்கத்தில் வேண்டாம். ஜன்னல் இருக்கும், காது யோசனையை இன்னொரு படத்துக்கு வைத்துக்கொள்கிறேன். இப்போது அவசரமாகத் தேவை: திருவல்லிக்கேணியில் எதிரெதிரே இருக்கும் இரண்டு அறைகள், இரவில் படம் எடுக்க அனுமதி கொடுக்கும் உரிமையாளர். யாருக்காவது தெரியுமா?

தரமணி டீக்கடை:
எனக்கு ஒருவரைத் தெரியும், தனிச்செய்தியில் சொல்கிறேன். கதை கேட்டால் கொலை என்று சொல்லுங்கள், தாராளமாக விடுவார். அம்மை என்று மட்டும் வாய் திறக்காதீர்கள்.