திருச்சி – யாழ்ப்பாணம்: 184 கி.மீ. பறக்க ஒரு மணி நேரமா?

தஞ்சாவூர்க்காரன்:
அப்பாவோட பழைய நண்பர் வீட்டுக் கல்யாணம், யாழ்ப்பாணத்துல. அம்மா அப்பாவைத் திருச்சியிலேர்ந்து ஃப்ளைட்ல அனுப்பறேன். தூரம் எவ்வளவுன்னு நெட்ல பார்த்தா ஒரு தளம் 99ங்குது, இன்னொண்ணு 184, மூணாவது 375. நேரமும் அப்படித்தான். ஒரு தளத்துல 43 நிமிஷம், டிக்கெட்ல ஒரு மணி நேரம். நடுவுல எங்கயாவது இறங்கி ஏறுதா? பலாலிக்கு, அதான் யாழ்ப்பாண ஏர்போர்ட்டுக்கு, வண்டி எப்போ வரச் சொல்றதுன்னு முடிவு பண்ணணும்.

செம்பட்டு வாசி:
99ம் 184ம் ஒரே தூரம்தான். 99 கடல் மைல்ல சொன்னது, 1.852ஆல பெருக்கிப் பாருங்க. 114னு ஒண்ணு கண்ணுல பட்டாலும் பயப்படாதீங்க, அது சாதா மைல். 375தான் இடிக்குது. அங்க ஏர்போர்ட்டோட மூணெழுத்து கோட் என்ன போட்டீங்க?

தஞ்சாவூர்க்காரன்:
முதல் ரெண்டு எழுத்து அடிச்சதுமே டி.ஆர்.வி.ன்னு அதுவா எடுத்துக்கிச்சு.

செம்பட்டு வாசி:
அது திருவனந்தபுரம் சார்! நம்ம ஊர் டி.ஆர்.இசட். டி.சி.ஆர்.னு வந்தா தூத்துக்குடி. யாழ்ப்பாணம் ஜே.ஏ.எஃப்.

ஏடிஆர் ரசிகன்:
நேரத்துக்கு நான் சொல்றேன். நேர் ஃப்ளைட்தான், எங்கயும் நிக்காது. அந்த 43 நிமிஷம் ஜெட் கணக்கு: தூரத்தை ஜெட் வேகமான மணிக்கு 850 கி.மீ.யால வகுத்து, ஏற இறங்கன்னு அரை மணி சேர்த்திருப்பாங்க. பலாலிக்குப் போறது ஏடிஆர் 72, ரெண்டு புரொப்பெல்லர் வண்டி. முழு வேகமே மணிக்கு 500 கி.மீ. சுமார்தான். இவ்வளவு குறுகின தூரத்துல அந்த வேகத்துல போறதே கொஞ்ச நேரம், மேலே ஏறும்போது அதைவிட மெதுவாத்தான் போகும். ரன்வேக்கு நேரா வர ஒரு சுத்து வேற. அதோட டிக்கெட் நேரம்ங்கறது இங்க ஃப்ளைட் நகர்றதுலேர்ந்து அங்க நிறுத்தற வரைக்கும். அதனால ஒரு மணி நேரம் நியாயமான கணக்குதான். நேர்கோடு போட்டா அதிராம்பட்டினம் பக்கம் கரையைத் தாண்டி, மீதி ஏறத்தாழ பாதித் தூரம் கடல்.

தஞ்சாவூர்க்காரன்:
டிக்கெட்ல இறங்கற நேரம் இலங்கை நேரமா, நம்ம நேரமா?

செம்பட்டு வாசி:
ரெண்டும் ஒண்ணுதான். 2006லேர்ந்து அவங்களும் நம்ம மாதிரி கிரீன்விச் நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னாடிதான்.

பலாலி றோட்:
வண்டியை டிக்கெட்டில போட்டிருக்கிற நேரத்துக்கு வரச் சொல்லுங்கோ, காணும். எழுபது எழுபத்தஞ்சு பேர்தான் வருவினம், ஆனா குடிவரவு, பெட்டி, சுங்கம் எண்டு அரை மணித்தியாலமாவது போகும். பிறகு டவுனுக்கு இன்னொரு அரை மணித்தியாலம். தஞ்சாவூர் எண்டா நாகப்பட்டினத்தில இருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் கிட்டத்தானே? ஆனா அது நாலு மணித்தியாலம், மழைக்காலத்தில நிப்பாட்டியும் விடுவாங்கள். வயசான ஆக்களுக்கு பிளேன்தான் சுகம்.

தஞ்சாவூர்க்காரன்:
ரொம்ப நன்றி. வண்டிக்குச் சொல்லியாச்சு. அம்மாவுக்குக் கடல் பார்க்கணுமாம், எந்தப் பக்கம் சீட் போடலாம்?

ஏடிஆர் ரசிகன்:
ஏடிஆருக்கு இறக்கை ஜன்னலுக்கு மேல இருக்கும், கீழே மறைக்காது. எந்தப் பக்கம்னாலும் ஜன்னல் சீட்டாப் பார்த்துப் போடுங்க. எஞ்சின் சத்தம் ஆகாதுன்னா பின்னாடி வரிசை.