தம்பிக்கு மூளைல ஏவிஎம் (ரத்தக்குழாய் சிக்கு), கிரேடு 2ங்கறாங்க, ஆபரேஷன் பண்ணிடலாமா?

மதுரைக்காரி:
தம்பிக்கு 27 வயசு. போன மாசம் பைக் எடுக்கப் போனவன் வாசல்லயே ஃபிட்ஸ் வந்து விழுந்துட்டான். எம்ஆர்ஐ, அப்புறம் தொடை வழியா டியூப் விட்டு ஆஞ்சியோ எல்லாம் எடுத்துட்டு வலது பக்க முன்மூளைல ஏவிஎம், 2.5 செ.மீ, கிரேடு 2, இன்னும் வெடிக்கலன்னு எழுதிக் குடுத்திருக்காங்க. ஒரு டாக்டர் திறந்து எடுத்துடலாம்ங்கறார், இன்னொருத்தர் ஃபிட்ஸ் மாத்திரை மட்டும் போட்டுட்டுப் பாப்போம்ங்கறார். அம்மா கிரேடுன்னதும் கேன்சர்னு நெனச்சு சாப்பாடே இறங்காம உக்காந்திருக்காங்க.

நியூரோ பிஜி:
அக்கா, கேன்சர் இல்லன்னு அம்மாட்ட முதல்ல சொல்லுங்க. ரத்தம் கொண்டு வர்ற ஆர்ட்டரிக்கும் திருப்பி எடுத்துட்டுப் போற வெயினுக்கும் நடுவுல இருக்க வேண்டிய நுண்குழாய் இல்லாம ரெண்டும் நேரா சிக்குப் போட்டுக்கிட்டு கெடக்கு, அந்த பிரஷரை வெயின் தாங்காமப் போனாதான் வெடிக்கும். கிரேடு 1986ல ஸ்பெட்ஸ்லர், மார்ட்டின் ரெண்டு பேரும் போட்ட கணக்கு, நோய் முத்துனதுக்கு இல்ல, ஆபரேஷன் எவ்ளோ ரிஸ்க்குங்கறதுக்கு. 3 செ.மீ.க்கு கீழன்னா 1 பாயின்ட், பேச்சு, கை கால் அசைவு மாதிரி முக்கியமான எடத்துல இருந்தா 1, ரத்தம் ஆழமான வெயின் வழியா வடிஞ்சா 1, எல்லாம் கூட்டினா வர்றதுதான் கிரேடு. தம்பிக்கு ரெண்டாவது பாயின்ட் எடத்தாலயா வெயினாலயான்னு கேளுங்க, அதான் முக்கியம். 1, 2 ரெண்டுமே பொதுவா சர்ஜரிக்கு தோதானதுதான்.

மாத்திரை போதும்ங்கற டாக்டர் 2014ல வந்த அருபா ஆய்வை மனசுல வச்சிருக்கலாம். வெடிக்காத ஏவிஎம்ல மாத்திரை மட்டும் எடுத்தவங்க அதுல, சர்ஜரி மாதிரி சிகிச்சையும் எடுத்தவங்களை விட நல்லா இருந்தாங்க. ஆனா சராசரியா 33 மாசம்தான் பாத்தாங்க, சர்ஜரி மட்டும் பண்ணிக்கிட்டவங்களும் அதுல ரொம்பக் கம்மி. வருஷத்துக்கு 2-4% வெடிக்கிற வாய்ப்புன்னு வைங்க, 60 வயசுக்காரருக்கும் 27 வயசுப் பையனுக்கும் அது ஒரே கணக்கா? என் தம்பின்னா சர்ஜரிதான் சொல்வேன், இதுல நெறைய கைப்பழக்கம் உள்ள சர்ஜன்னா மட்டும்.

தையல்போட்டமண்டை:
எனக்கு வெடிச்சப்புறம்தான் தெரிஞ்சுது, கிரேடு 1. உள்ள வர்ற ஆர்ட்டரியை எல்லாம் ஒண்ணொண்ணா அடைச்சுட்டு வெயினை கடைசிலதான் வெட்டுவாங்களாம், முன்னாடியே வெட்டுனா அங்கயே வெடிக்கும். சிவப்பா துடிச்சுக்கிட்டிருந்த வெயின் கடைசில கருநீலமா மாறுறதை சர்ஜன் வீடியோல காட்டினார், எனக்குத்தான் வயித்தைக் கலக்கிடுச்சு. முடிச்சதும் திரும்ப ஆஞ்சியோ எடுத்து முழுசாப் போயிடுச்சான்னு பாப்பாங்களான்னு கேட்டுக்கோங்க, கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் வெடிக்கலாம். ஃபிட்ஸ் மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க.

கோவை ராசு:
என் மச்சானுக்கு கத்தி வைக்காம காமா நைஃப்ங்கற கதிர்வீச்சுதான் குடுத்தோம். ஒரே நாள்ல வீட்டுக்கு வந்தாச்சு, ஆனா அந்தச் சிக்கு முழுசா அடைபட ரெண்டு மூணு வருஷம் ஆகும், அதுவரைக்கும் பயம் பயம்தான்.

மதுரைக்காரி:
கேட்டேன் தம்பி, வெயினாலதானாம், எடம் பிரச்சனை இல்லயாம். ஆபரேஷன்னே முடிவு பண்ணிட்டோம். இவனுக்கு ஒரே கவலை, மொட்டை அடிப்பாங்களாம்மா, ஐப்பசில ஃப்ரெண்டு கல்யாணம்ங்கறான்.

தையல்போட்டமண்டை:
எனக்கு கீறுற எடத்துல மட்டும் ஒரு பட்டை வழிச்சாங்க. சீப்பால இழுத்து விட்டா தெரியாது 😄