பென் டிரைவில் கொண்டுவந்த .வெனவ்: ஆக்டிவேட் ஆகுது, பிப் மட்டும் மறுக்குது

கேள்வி (மோல்மேன், மியான்மர்)
அண்ணன்மாருக்கு வணக்கம். இங்க கரண்டும் நெட்டும் சேர்ந்து கிடைக்கிற நேரம் குறைவு. அதனால ரங்கூன் மெஷின்ல ஜாங்கோ, பாண்டாஸ்னு பைத்தான் பேக்கேஜ் எல்லாம் போட்டு, .வெனவ்வோட (ப்ராஜெக்ட்டுக்குன்னு தனியா வச்ச பைத்தான் ஃபோல்டர்) சேர்த்து டார் பண்ணி, அதாவது ஒரே ஃபைலாக் கட்டிக் கொண்டுவந்தோம். ரெண்டு பக்கமும் உபுண்டு 24.04. ஆக்டிவேட் பண்ணினா (.வெனவ்) வருது. ஆனா புதுப் பேக்கேஜ் போட பிப் இன்ஸ்டால் அடிச்சா 'எக்ஸ்டர்னலி மேனேஜ்டு என்விரான்மெண்ட்'னு எரர். பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ் ஃப்ளாக் போட்டுடலாமா?

பதில் 1 (ரங்கூன்)
வேண்டாம் தம்பி. அந்த ஃப்ளாக் போட்டா உபுண்டு தனக்காக வச்சிருக்கிற பைத்தான்லயே கை வைக்கும். முதல்ல இதை அடிச்சுப் பாருங்க:

விச் பைத்தான்3

/யூஎஸ்ஆர்/பின்/பைத்தான்3னு வந்தா விஷயம் இதுதான்: ஆக்டிவேட் ஃபைலுக்குள்ள ரங்கூன் மெஷினோட முழுப் பாதை எழுதியிருக்கு. உங்க மெஷின்ல அந்த ஹோம் ஃபோல்டரே கிடையாது. இல்லாத ஃபோல்டரைத்தான் பாத்ல (ஷெல் கமாண்ட் தேடுற ஃபோல்டர் பட்டியல்) முன்னாடி சேர்க்குது. ஷெல் அதைத் தாண்டிப்போய் சிஸ்டம் பிப்பைப் பிடிக்குது. (.வெனவ்)ங்கிறது வெறும் பெயர்ப்பலகை, அதை நம்பாதீங்க. .வெனவ்/பின்/பிப் ஃபைலோட முதல் வரியிலயும் அதே பழைய பாதைதான் இருக்கும். .வெனவ்/பின்/பைத்தான்னு நேரா கூப்பிட்டா ஓடலாம், அதுக்காக வச்சுக்காதீங்க. .வெனவ்வை அழிச்சிடுங்க. கொண்டுபோக வேண்டியது வீல் ஃபைல்கள், அதாவது பில்ட் பண்ணாமலே போடத் தயாரா இருக்கிற பேக்கேஜ்கள்.

ரங்கூன்ல, என்விரான்மெண்ட்டுக்குள்ள:

பிப் ஃப்ரீஸ் > ரெக்வயர்மெண்ட்ஸ்.டிஎக்ஸ்டி
பிப் வீல் -ஆர் ரெக்வயர்மெண்ட்ஸ்.டிஎக்ஸ்டி -டபிள்யூ வீல்ஸ்

பிப் டவுன்லோடை விட இது நல்லது. டவுன்லோட் சில பேக்கேஜை டார்.ஜிஇசட்டாவே (பில்ட் பண்ணாத சோர்ஸா) இறக்கிடும். அதை நெட் இல்லாத இடத்துல பில்ட் பண்ண செட்அப்டூல்ஸ் தேடும், அங்கேயே நின்னுடும்.

மோல்மேன்ல:

பைத்தான்3 -எம் வெனவ் .வெனவ்
சோர்ஸ் .வெனவ்/பின்/ஆக்டிவேட்
பிப் இன்ஸ்டால் --நோ-இண்டெக்ஸ் --ஃபைண்ட்-லிங்க்ஸ்=வீல்ஸ் -ஆர் ரெக்வயர்மெண்ட்ஸ்.டிஎக்ஸ்டி

கேட்டவர்
நன்றி அண்ணே. விச் நீங்க சொன்ன மாதிரியே காட்டுச்சு. இப்ப முதல் வரியிலேயே 'என்ஷூர்பிப் இஸ் நாட் அவைலபிள்'னு வருது.

பதில் 2 (தங்லின்)
உபுண்டுல வெனவ் முழுசா வராது, தனிப் பேக்கேஜ். ரங்கூன்ல ஏப்டி டவுன்லோட் கொடுத்து மூணு டெப் ஃபைல் (உபுண்டு பேக்கேஜ் ஃபைல்) எடுங்க: பைத்தான்3.12-வெனவ், பைத்தான்3-பிப்-டபிள்யூஎச்எல், பைத்தான்3-செட்அப்டூல்ஸ்-டபிள்யூஎச்எல். மோல்மேன்ல சூடோ டிபிகேஜி -ஐ *.டெப். பைத்தான்3.12 பதிப்பு ரெண்டு பக்கமும் கடைசி எண் வரைக்கும் ஒத்துப்போகணும். ஒரு மெஷின் அப்டேட் ஆகி இன்னொன்னு ஆகலைன்னா டிபென்டென்சி எரர் வரும். அப்போ புது பைத்தான்3.12 டெப்களையும் கொண்டுவாங்க. பாதியில உடைஞ்ச .வெனவ்வை அழிச்சிட்டுத்தான் திரும்ப உருவாக்கணும்.

பதில் 1
இன்னொன்னு: கிளாஸ்ல விண்டோஸ் மெஷினும் இருந்தா இந்த வீல்ஸ்ல சிலது அங்க ஆகாது. ஜாங்கோ எங்கேயும் ஓடும், ஆனா பாண்டாஸும் அதுகூட வர்ற நம்பையும் லினக்ஸுக்குன்னே பில்ட் பண்ணின பைனரி. அதுக்குத் தனி ஃபோல்டர்ல பிப் டவுன்லோட்தான், கூட --ஒன்லி-பைனரி=:ஆல்: --பிளாட்ஃபார்ம் வின்_ஏஎம்டி64 --பைத்தான்-வெர்ஷன் 3.12 சேர்க்கணும். விண்டோஸ்ல பைத்தான் 3.13 இருந்தா அங்கேயும் 3.13னு போடுங்க.