ஹர்த்தாலுக்குக் கதவு சாத்துற முதலாளி யார் பக்கம்?

வாவிக்கரை:
மட்டக்களப்பில் ஹர்த்தால் என்றால் முதலில் கதவு சாத்துறது கடைக்காரர்தான். அரசாங்கத்தைத் தட்டிக்கேட்கவும் பயமில்லை. அதே கடையில் நிற்கிற பொடியன் லீவு கேட்டால் முகம் கறுத்துப்போகும். இந்தக் கடைக்கார வர்க்கம் சனநாயகத்துக்குத் துணையா, தடையா?

கல்லடியான்:
தம்பி, கல்லாவில் இருந்து கணக்குப் பாருங்க. பொடியனுக்கு 30,000 ரூபாய் சம்பளம் என்றால், ஊழியர் சேமலாப நிதிக்கு (EPF) முதலாளி பங்கு 12%, ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு (ETF) 3%. மொத்தம் 4,500, முதலாளியின் கைக்காசு. பொடியனிடம் பிடிக்கிற 8% வேறு. வரிக்காரர், மொத்த வியாபாரி, வங்கி என்று மேலே பார்த்தால் அவர் உரிமை பேசுவார். கீழே பார்த்தால் தொழிற்சட்டமே தொல்லை. தானும் விடிய ஆறு மணிக்குக் கடை திறக்கிறவர் என்பதால் தன்னை முதலாளி என்றே நினைப்பதில்லை, அதுதான் சிக்கல். தொழிற்சங்கம் பதிய ஏழு பேர் வேணும். மூன்று பேர் நிற்கிற கடையில் அது நடக்காது, பல கடைப் பொடியன்மார் சேரவேணும். சேருமுன்னே செய்தி முதலாளிமார் காதுக்குப் போயிடும்.

பழையகணக்கு:
1953 ஆகஸ்ட் 12 ஹர்த்தாலைப் பாருங்க. பங்கீட்டு அரிசி விலை 25 சதத்திலிருந்து 70 சதமானது, தொழிலாளரோடு கடைக்காரரும் கடை பூட்டினார்கள், ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். அதே 1953இல் பிரான்சில் பியர் பூஜாட் என்ற கடைக்காரர் வரி அதிகாரிகளைத் தடுக்க ஆள் திரட்டினார். 1956 தேர்தலில் அவர் இயக்கத்துக்கு 52 ஆசனம். மறுகா பேச்செல்லாம் பாராளுமன்றத்துக்கும் யூதருக்கும் எதிராய்ப் போயிற்று. கடைக்காரர் யாரோடு சேருறார் என்பதைப் பாருங்க.

நிந்தவூரான்:
பிரான்ஸ் கிடக்கட்டும், கடன் கொப்பியைப் பாருங்க. உள்ளூராட்சி உறுப்பினரில் 60% வட்டாரத்தில் நேரே தெரிவு, 40% கட்சிப் பட்டியல். வட்டாரத்தில் சில வாக்கே வெற்றியை மாற்றும். கொப்பியில் பெயருள்ள வீடுகள் கடைக்காரர் சொல்லைத் தட்டத் தயங்கும். 2025 உள்ளூராட்சித் தேர்தல் நடந்த மே 6 செவ்வாய்க்கிழமை, கடை நாள். வாக்களிக்கச் சம்பளத்தோடு குறைந்தது நாலு மணித்தியால லீவு சட்டப்படி உண்டு, ஆனால் எழுத்தில் கேட்கவேணும். வாயால் கேட்டு 'பின்னேரம் பார்ப்பம்' என்று சொல்லக் கேட்டவர் சாயங்காலம் வரைக்கும் சாமான் நிறுத்துக்கொண்டிருப்பார்.

வாவிக்கரை:
வாக்கு இரகசியம்தானே, கொப்பிக்குப் பயம் ஏன்?

நிந்தவூரான்:
வாக்கைப் பார்க்க ஏலாது. யாருடைய கூட்டத்தில் கதிரை போட்டு இருந்தீங்க என்பதைப் பார்க்கலாமே.