மறு: ‘டிரான்சிட்’டுக்குத் தமிழ் – ஒரு சொல் போதாது, மூன்று வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம்.

நாகர்கோவில் பயிலரங்குக்கான மாணவர் கையேடு அச்சுக்குப் போகுமுன் இந்தச் சொல்லை முடிவு செய்தாக வேண்டும். சூரியனை அல்லாமல் வேறொரு விண்மீனைச் சுற்றும் கோளான ‘எக்சோபிளானட்’ புறக்கோள்தான், அதில் இனி வழக்கு வேண்டாம். வியாழன், சனி முதலானவற்றை வெளிக்கோள்கள் என்று எழுதிவிட்டால் இரண்டும் மோதாது. சிக்கல் எல்லாம் புறக்கோள் தன் விண்மீனுக்கு முன்னால் போகும் நிகழ்வுக்குப் பெயர் வைப்பதில்தான். இயந்திர மொழிபெயர்ப்பிடம் கேட்டால் ‘போக்குவரத்து’ என்று சொல்லி நம்மை வடசேரி பேருந்து நிலையத்தில் இறக்கிவிடும்.

> குழித்துறை சார் எழுதியது: ‘கடவு’ என்பது நம் ஊர்ச் சொல். சிறியது, அழகானது. ஏன் விட வேண்டும்?

அழகில் குறையில்லை, சார். ஆனால் நம் ஆற்றங்கரையில் கடவு என்றால் கடக்கும் இடம், துறை. கடக்கும் செயலை யாரும் கடவு என்பதில்லை. போதாததற்குக் கடவுச்சீட்டும் கடவுச்சொல்லும் அந்தச் சொல்லில் ஏற்கெனவே குடியேறிவிட்டன. ‘பெயர்ச்சி’யைப் பற்றி நான் வாதிடப் போவதே இல்லை. கையேட்டில் ‘கோள் பெயர்ச்சி’ என்று அச்சிட்டால், மாணவர் வீட்டுக்குக் கொண்டுபோனதும் பாட்டி எந்த ராசிக்கு நல்லது என்று கேட்பார்.

> மார்த்தாண்டம் டீச்சர் எழுதியது: கிரகணம் எல்லாருக்கும் தெரிந்த சொல். ‘விண்மீன் கிரகணம்’ என்றால் விளக்கமே தேவையில்லை. வேண்டாம் என்றால் ‘மறைப்பு’ என்றாவது வைக்கலாம்.

டீச்சர், தெரிந்த சொல் என்பதுதான் இங்கே தொல்லை. 2010 ஜனவரி 15 அன்று கன்னியாகுமரியில் கங்கண கிரகணம் தெரிந்தது. சூரியன் ஒரு வளையமாக நின்றது. நடுப்பகல் வெயில் வெளிறிப் போனது. நம் மாவட்டத்தில் கிரகணம் என்றதும் பலருக்கு நினைவில் வருவது அதுதான். புறக்கோள் செய்வது அதில் ஒரு துளிகூட இல்லை. சூரியனை வியாழன் கடப்பதை வெகு தொலைவிலிருந்து ஒருவர் பார்த்தால் ஒளியில் ஏறத்தாழ 1 சதவீதம் குறையும். பூமி கடந்தால் வெறும் 0.008 சதவீதம், அதுவும் சுமார் 13 மணி நேரத்துக்கு, ஆண்டுக்கு ஒரே ஒரு முறை. நாமே கண்ட கடப்பு ஒன்று உண்டு. 2012 ஜூன் 6 காலையில் சூரியன் உதிக்கும்போதே வெள்ளி ஒரு கரும்புள்ளியாக அதன்மேல் இருந்தது. அது மூடிய பரப்பு ஆயிரத்தில் ஒரு பங்கு. இதை மறைப்பு என்று சொல்ல மனம் வரவில்லை. 1769-இல் இதே வெள்ளிக் கடப்பைப் பார்க்கப் புதுச்சேரியில் காத்திருந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜான்தீலுக்கு முகில் சூரியனையே மூடிவிட்டதே, மறைப்பு என்றால் அது.

இந்த இடத்தில் குளச்சல் அண்ணாச்சி சொன்னதுதான் எனக்குப் பிடித்தது. சூரியன் கடலில் இறங்கும் நேரத்தில் அதன் முகத்துக்குக் குறுக்கே ஒரு வள்ளம் போனால், கரையில் நிற்பவர் ‘வள்ளம் சூரியனை மறைத்தது’ என்று சொல்வதில்லை, ‘கடந்துபோனது’ என்றுதான் சொல்வார். ஆகவே வேர்ச்சொல் கடப்பு.

வெறும் கடப்பு போதாது. கோள் விண்மீனைச் சுற்றுகிறது. முன்னாலும் போகும், பின்னாலும் போகும். பின்னால் போகும்போது கோள் முழுவதுமாக மறைந்துவிடுகிறது. அங்கே ‘மறைவு’ பொருத்தமாகவே உட்காருகிறது. எனவே என் பரிந்துரை: முன்னால் போவது முன்கடப்பு, பின்னால் போவது பின்மறைவு. இந்தப் பின்மறைவை லேசாக நினைக்க வேண்டாம். அகச்சிவப்பில் பார்த்தால் கோளின் சொந்த வெப்ப ஒளியும் விண்மீன் ஒளியோடு சேர்ந்தே வருகிறது. கோள் பின்னால் போனதும் அந்தப் பங்கு மட்டும் கழிந்துவிடும். எவ்வளவு கழிந்தது என்று பார்த்தால் கோள் எவ்வளவு சூடு என்று தெரிந்துவிடும். 2005-இல் ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கி எச்டி 209458 விண்மீனின் கோளை இப்படித்தான் அளந்தது.

> குழித்துறை சார் எழுதியது: ‘முன்’ என்றால் காலத்தையும் குறிக்குமே? முன்பணம், முன்பதிவு என்பதுபோல் ‘முன்கூட்டியே கடத்தல்’ என்று படித்துவிட மாட்டார்களா?

முன்பல்லையும் முன்வாசலையும் யாரும் அப்படிப் படிப்பதில்லை, சார். பின்மறைவு பக்கத்திலேயே நிற்கும்போது ஐயம் எழ வழியே இல்லை.

இனி மூன்றாவது சொல். எனக்கு இதுதான் முக்கியம். இழையில் எல்லாரும் கருவி காட்டுவதையும் நாம் முடிவு கட்டுவதையும் ஒரே சொல்லில் அடைக்கப் பார்க்கிறோம். தொலைநோக்கியில் கோள் தெரிவதில்லை. தெரிவதெல்லாம் விண்மீனின் ஒளி அளவு மட்டும். அதை நேரத்துக்கு எதிராக வரைந்தால் ஒளிவளைவு. அதில் நடுவே ஓர் இறக்கம். 1999-இல் முதன்முதலாகப் புறக்கோள் ஒன்றின் கடப்பு பிடிபட்டது மேலே சொன்ன அதே எச்டி 209458-இல்தான்: மூன்றரை நாளுக்கு ஒரு முறை, சுமார் மூன்று மணி நேரம், ஏறத்தாழ ஒன்றரை சதவீத இறக்கம். அங்கே கோள் இருப்பது, அதன் ஈர்ப்பால் விண்மீனில் ஏற்படும் தள்ளாட்டத்தைக் கொண்டு ஏற்கெனவே தெரிந்திருந்ததால் ஐயத்துக்கு இடமில்லாமல் போனது.

எல்லா இறக்கத்துக்கும் கோள் காரணமல்ல. ஒன்றையொன்று சுற்றி மாறி மாறி மறைக்கும் இரண்டு விண்மீன்கள் தொலைவில் பின்னணியில் இருந்து, அவற்றின் ஒளி நாம் பார்க்கும் விண்மீனோடு கலந்துவிட்டாலும் இதே மாதிரி இறக்கம் வரும். புறக்கோள் தேடும் டெஸ் விண்வெளித் தொலைநோக்கியின் ஒரு படப்புள்ளி வானத்தில் 21 விகலை அகலம் (ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு ஒரு விகலை). அதற்குள் பல விண்மீன்கள் அடங்கிவிடலாம். அதனால் ஆய்வாளர்கள் இறக்கத்தின் வடிவத்தைக் கூர்ந்து பார்க்கிறார்கள். கோள் முழுவதும் விண்மீனின் வட்டத்துக்குள் புகுந்துவிட்டால் அடி ஓரளவு தட்டையாக, விளிம்பு மங்கலால் (விண்மீனின் ஓரம் நடுவைவிட மங்கித் தெரிவது) சற்றே வளைந்து இருக்கும். இரட்டை விண்மீன் என்றால் அடி பெரும்பாலும் கூம்பி நிற்கும். அடுத்தடுத்த இறக்கங்கள் ஒன்று ஆழமாகவும் ஒன்று ஆழம் குறைவாகவும் மாறி மாறி வந்தால், அங்கே இரண்டு விண்மீன்கள் என்று சொல்லிவிடலாம். கோள் ஓரமாக உரசிப் போனாலும் அடி கூம்பும் என்பதால் வடிவத்தை மட்டும் நம்பவும் முடியாது.

ஆகவே வளைவில் தெரியும் இறக்கத்துக்கு ஒளித்தாழ்வு. இன்னதென்று சரிபார்த்த பின்பே முன்கடப்பு. காற்றழுத்தத் தாழ்வு என்ற அறிவிப்பைக் கேட்டே கடலுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் ஊருக்கு ‘தாழ்வு’ புதிதல்ல. ‘மங்கல்’ என்று சிலர் எழுதியிருந்தீர்கள். அதை விளிம்பு மங்கலுக்கு விட்டுவைப்போம்.

இந்தப் பிரிவினை வெறும் பிடிவாதமா என்று கேட்பவர்களுக்கு நம் சென்னை வானாய்வகமே சான்று. கிழக்கிந்தியக் கம்பெனியின் அந்த வானாய்வகத்தில் இருந்த கேப்டன் டபிள்யூ. எஸ். ஜேக்கப், 70 ஒஃபியூக்கி என்ற இரட்டை விண்மீனின் சுற்றுப்பாதையில் ஒழுங்கின்மை கண்டார். அங்கே கோள் போன்ற ஒன்று இருக்க மிகுந்த வாய்ப்புண்டு என்று 1855-இல் எழுதினார். பிற்பாடு அமெரிக்காவில் சீ என்ற வானியலாளரும் அதே விண்மீனில் கண்ணுக்குத் தெரியாத துணை ஒன்று இருப்பதாகச் சொன்னார். அப்படி ஓர் அமைப்பு நிலைத்து நிற்காது என்று 1899-இல் மௌல்ட்டன் என்ற இன்னொரு வானியலாளர் கணக்குப் போட்டுக் காட்டினார். உறுதியான புறக்கோள்கள் வந்தது 1992-இல், அதுவும் ஒரு துடிப்பு விண்மீனை (பல்சர்) சுற்றி. சூரியனைப் போன்ற விண்மீனுக்கு 1995 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஜேக்கப் கண்ட ஒழுங்கின்மைக்கு ஒரு பெயரும், அதற்கு அவர் ஊகித்த காரணத்துக்கு வேறொரு பெயரும் இருக்கத்தான் வேண்டும். இரண்டையும் குழப்பினால் மாணவர்களும் வளைவில் பள்ளத்தைக் கண்டதும் கோள் என்று எழுதிவிடுவார்கள்.

கடைசியாக, கடப்பு தொடங்குவதும் முடிவதும். பஞ்சாங்கத்தில் கிரகணத்துக்கு ஸ்பரிசம், மோட்சம் என்று போடுகிறார்கள். நாம் தொடுகை, விடுகை என்று வைத்துக்கொள்ளலாம். வேறு யாராவது இதைவிட நல்லது வைத்திருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்.

டீச்சர், ஒளிவளைவுப் படத்தை நீங்கள்தான் வரைகிறீர்கள். தொடுகை, ஒளித்தாழ்வு, விடுகை மூன்றுக்கும் அம்புக்குறி போட்டுவிடுங்கள். முன்கடப்பு என்ற சொல் வளைவின்மேல் வேண்டாம். கீழே கோளும் விண்மீனும் உள்ள படத்தில் மட்டும் இருக்கட்டும்.